விக்கிப்பீடியாவில் பக்கம் கேட்கும் சிறு நிறுவனர்களுக்கு

அன்புள்ள நிறுவனர்களே,

பத்துப் பேரோ இருபது பேரோ வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தை நடத்துகிறவர்கள் நீங்கள். கடைக்குப் பில் போடும் செயலி, பள்ளிக் கட்டணம் வசூலிக்கும் செயலி, கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் என்று உருப்படியாக ஏதோ ஒன்றைச் செய்து விற்கிறீர்கள். நான் விக்கிப்பீடியாவில் சம்பளமில்லாமல் எழுதித் திருத்தும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். புதிதாக வரும் பக்கங்களைப் பார்த்து, இது நிற்குமா நிற்காதா என்று கருத்துச் சொல்வதும் அதில் அடக்கம். ஆகவே நமக்குள் அறிமுகமே பெரும்பாலும் சண்டையில்தான் ஆரம்பிக்கிறது. "எங்க பக்கத்தை ஏன் தூக்கினீங்க?" என்று கேட்டு வருகிறீர்கள். பதில் சொன்னால், "அப்போ எங்க போட்டியாளருக்கு மட்டும் எப்படி இருக்கு?" என்கிறீர்கள். அதற்கும் பதில் சொன்னால், வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறீர்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இதையே எழுதிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்குமாக ஒரே மடலில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. பெரும்பாலும் ஆங்கில விக்கிப்பீடியாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்கள் கண் அங்கேதான் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு நீங்கள் வருவது அங்கே கதவு சாத்தப்பட்ட பிறகு. (2003-இல் தொடங்கி ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்ட ஒரு களஞ்சியத்தைக் கொல்லைப்புற வாசலாக நினைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் நிறுவனத்தைப் பற்றிய பக்கத்தில் நீங்கள் கை வைக்காதீர்கள். ஆள் வைத்தும் எழுதாதீர்கள். சொல்ல வேண்டியதைச் சொந்தப் பெயரில், அந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கும் உரையாடல் பக்கத்துக்கு வந்து சொல்லுங்கள். வெறும் விதியாகச் சொன்னால் இது கசக்கும். ஆகவே விக்கிப்பீடியாவைப் பெற்றெடுத்த நிறுவனத்துக்கே என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதன் பெயர் போமிஸ். ஜிம்மி வேல்ஸ், டிம் ஷெல், மைக்கேல் டேவிஸ் மூவரும் 1996-இல் அமெரிக்காவில் தொடங்கியது. உங்களுடையதைப் போலவே விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆட்கள். ஒரே விஷயத்தைப் பற்றிய இணையதளங்களைச் சங்கிலியாகக் கோத்து, அந்த வழியாக வருகிறவர்களுக்கு விளம்பரம் காட்டிப் பிழைத்தது. வந்தவர்களில் ஆண்களே அதிகம் என்பதால் விளையாட்டு, கார், நடிகைகள் என்று விரிந்து, கவர்ச்சிப் படங்களுக்கென்றே 'போமிஸ் பேப்ஸ்' என்று ஒரு பகுதியும் வந்து சேர்ந்தது. அந்த விளம்பரக் காசில்தான் 2000-இல் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கியது. தத்துவம் படித்த லாரி சாங்கரைச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக வைத்தார்கள். அறிஞர்கள் எழுதி அறிஞர்கள் சரிபார்க்கும் ஏழு கட்டப் பரிசீலனை. முதல் ஆண்டில் இரண்டு டஜன் கட்டுரைகூடத் தேறவில்லை. அதற்கு வேகமான துணையாக 2001 ஜனவரி 15 அன்று திறந்துவிட்டதுதான் விக்கிப்பீடியா. இணைய நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்த காலம் அது. போமிஸின் வருமானமும் வற்றி, 2002 தொடக்கத்தில் சாங்கருக்குச் சம்பளம் நின்றது. 2003-இல் விக்கிமீடியா அறக்கட்டளை உருவாகி, விக்கிப்பீடியா போமிஸின் கையை விட்டுப் போனது. அதற்குப் பின் போமிஸ் ஓசைப்படாமல் மறைந்துவிட்டது.

இன்று அந்தப் பெயர் யாருக்காவது தெரிகிறதென்றால் விக்கிப்பீடியாவால்தான். சண்டை வந்ததும் அங்கேதான்.

2005 டிசம்பரில் ரோஜர்ஸ் கேடன்ஹெட் என்ற எழுத்தாளர் பக்க வரலாற்றைப் புரட்டி, ஜிம்மி வேல்ஸைப் பற்றிய கட்டுரையை வேல்ஸே திருத்தியிருப்பதை எடுத்துப் போட்டார். வயர்ட் இதழ் அதைச் செய்தியாக்கியது. வேல்ஸ் திருத்தியிருந்தது 18 முறை. சாங்கரை இணை நிறுவனர் என்று சொல்லும் இடங்கள் போயிருந்தன. போமிஸில் இருந்த படங்களை மிதமான ஆபாசம் என்று யாரோ எழுதியிருந்ததும் மாறி, 'வயதுவந்தோருக்கான பகுதி' என்று ஆகியிருந்தது. தவறான தகவலைத்தான் சரிசெய்தேன் என்று வேல்ஸ் சொன்னார். ஹாலிவுட்டில் 'ஆர்' சான்றிதழ் வாங்கும் சினிமாவை ஆபாசம் என்பீர்களா, அப்படியென்றால் இதையும் சொல்லிக்கொள்ளுங்கள் என்பது அவர் வாதம். கூடவே, செய்திருக்கக் கூடாது, யார் செய்தாலும் அழகில்லை, நான் செய்தாலும் அப்படித்தான் என்றும் ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் சொன்னதில் நியாயம் இருந்திருக்கலாம். அந்தப் படங்களை என்னவென்று அழைப்பது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமுண்டு. அந்த நிறுவனத்தைப் பற்றி அவரைவிட அறிந்தவர் உலகத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். விக்கிப்பீடியாவின் நிறுவனர் வேறு. இத்தனை இருந்தும் அவர் கை பட்டதாலேயே அந்த வரி கெட்டது. வாசிக்கிறவனுக்கு, இது உண்மை என்பதற்காக இப்படி எழுதப்பட்டிருக்கிறதா, நிறுவனருக்கு வசதி என்பதற்காகவா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. தன் கல்யாணத்துக்குத் தானே சாட்சிக் கையெழுத்துப் போட முடியாது. பொய் சொல்வான் என்பதால் அல்ல, அவன் சொல்லுக்கு அந்த இடத்தில் மதிப்பில்லை என்பதால்.

நீங்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் இதில் இருக்கிறது. யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லை எடுத்து எந்தச் சொல்லைப் போட்டார்கள் என்பது ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் அப்படியே கிடக்கிறது. சாங்கர் அப்போது உரையாடல் பக்கத்தில் எழுதியதும் இதைத்தான்: எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் வரலாற்றை மாற்றி எழுதப் பார்ப்பது வீண் வேலை. அந்தத் திருத்தங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. வேல்ஸ் மறைக்க நினைத்தாரோ இல்லையோ, அந்தச் சின்ன நிறுவனத்தின் கதையில் அவருடைய திருத்தங்களும் ஓர் அத்தியாயமாகிவிட்டன.

இனி உங்கள் கதைக்கு வருவோம். நான் பார்த்த ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கும் இது உங்கள் கதையாகவே தோன்றும்.

ஒரு புதுக் கணக்கு வருகிறது. பத்துக் கட்டுரைகளில் பத்துச் சின்னத் திருத்தம்: ஓரிடத்தில் காற்புள்ளி, ஓரிடத்தில் ஓர் உள்ளிணைப்பு. பிறகு நான்கு நாள் சத்தமே இல்லை. புதுக் கணக்கு நேரடியாகப் பக்கம் தொடங்க ஆங்கில விக்கிப்பீடியாவில் 4 நாளும் 10 திருத்தமும் வேண்டும் என்பது 2018-இல் வந்த விதி. பதினோராவது திருத்தத்தில் முழுக் கட்டுரை ஒன்று வந்து விழுகிறது. தகவல் பெட்டி, துணைத் தலைப்புகள், இருபதுக்கு மேல் சான்றுகள், எல்லாம் கச்சிதம். நிறுவனச் சின்னத்தைப் பதிவேற்றும்போது 'என் சொந்தப் படைப்பு' என்று குறித்திருக்கிறார். ஒரு நிறுவனத்தின் சின்னம் யாரோ ஒரு வாசகரின் சொந்தப் படைப்பாக எப்படி இருக்கும்? எங்களில் பாதிப் பேர் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே அந்த ஒரு வரியைத்தான் பார்ப்போம்.

சான்றுகளைத் திறந்தேன். வெவ்வேறு தளங்களில் ஆறு செய்திகள். ஆறிலும் அதே பத்திகள், நிறுவனர் சொன்னதாக அதே இரண்டு வாக்கியங்கள். செய்திக் குறிப்பை அனுப்பியிருக்கிறார்கள், அவர்கள் போட்டிருக்கிறார்கள். அடுத்தது நிறுவனத்தின் சொந்தத் தளம். அடுத்தது செயலி விற்கும் கடையின் பக்கம். நிறுவனரோடு ஒரு மணி நேர உரையாடல் ஒன்று, கண்காட்சியில் கடை போட்டவர்களின் பட்டியல் ஒன்று, விண்ணப்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் விருது ஒன்று. அத்தனை சான்றுகளில், அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் தானாக உட்கார்ந்து அதைப் பற்றி நாலு பத்தி எழுதியது ஒன்றுகூட இல்லை.

நீக்கல் விவாதம் தொடங்கியது. ஏழு நாள் நடக்கும். மூன்றாம் நாள் புதுக் கணக்குகள் வரிசையாக வந்தன. "நல்ல கம்பெனி, நானே பயன்படுத்துகிறேன், பக்கம் இருக்கட்டும்." இன்னொன்று: "இளம் தொழில்முனைவோரை ஊக்குவிக்க வேண்டாமா?" அலுவலகத்தில் மின்னஞ்சல் சுற்றி வந்திருக்கிறது என்பது கண்கூடு. இங்கே கை தூக்கியவர்களை எண்ணி முடிவெடுப்பதில்லை, காரணத்தைப் பார்த்துத்தான். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐந்தாம் நாள் வேறொரு கணக்கு வந்து, இந்த நிறுவனம் ஊழியர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது என்று கட்டுரையின் நடுவில் ஒரு வரி செருகியது. முதல் கணக்கு அதை எடுத்தது. இது மீண்டும் போட்டது. எடுத்தது. போட்டது. 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை என்ற விதிப்படி இருவருமே தடைபட்டார்கள்.

அந்தச் சம்பளப் பாக்கி வரியை நான் எடுத்தேன். சான்று இல்லை, அவ்வளவுதான். 'முன்னணி நிறுவனம்' என்ற வரியை எடுத்ததும் அதே காரணத்துக்காகத்தான். அன்றிரவு நிறுவனரிடமிருந்து எனக்கு வந்த செய்தியில் நான் போட்டியாளரிடம் காசு வாங்கியவன் என்று இருந்தது. சம்பளம் கிடைக்காதவர் எழுதியதில் நான் நிறுவனத்தின் கைக்கூலி. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். ஏழாம் நாள் பக்கம் போனது.

உங்கள் கேள்வி நியாயமானது: எங்களைப் பற்றித்தான் இத்தனை செய்தி வந்திருக்கிறதே? நிறுவனங்களுக்கான அளவுகோல் 2018-இல் இறுக்கப்பட்டது. ஒவ்வொரு சான்றும் தனித்தனியே தேற வேண்டும். நிறுவனத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், நிறுவனத்தின் பிடியில் இல்லாதவர் எழுதியிருக்க வேண்டும், நம்பத் தகுந்த இடத்தில் வந்திருக்க வேண்டும், நிறுவனர் வாயால் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லாமல் எழுதியவரின் ஆராய்ச்சி அதில் இருக்க வேண்டும். முதலீடு கிடைத்தது, புது அலுவலகம் திறந்தார்கள், இன்னாரைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தினார்கள் என்கிற செய்தியெல்லாம் இதில் தேறாது. அரை மதிப்பெண் சான்று இருபது சேர்த்தாலும் பத்து ஆகாது, பூஜ்யம்தான்.

இந்திய நிறுவனங்களுக்கு இதில் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு, அதற்கு நீங்கள் காரணமல்ல. நம் ஊர்ப் பத்திரிகைகளில் காசு கொடுத்துப் போட்ட செய்தியும் காசு வாங்காமல் போட்ட செய்தியும் ஒரே உடையில் வருகின்றன. இந்தியப் பத்திரிகை மன்றம் அமைத்த துணைக்குழு 2010-இல் இதைப் பற்றி அறிக்கை கொடுத்தது. தேர்தல் காலத்தில் வேட்பாளர்களிடம் காசு வாங்கிச் செய்தி போட்டதுதான் அதில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் விளம்பரத்துக்குப் பதிலாக நிறுவனங்களின் பங்குகளையே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டையும் அது விவரித்திருக்கிறது. பத்திரிகையே பங்குதாரர் என்றால் அது போடும் செய்தியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆங்கில விக்கிப்பீடியாவில் இந்தியச் செய்தி நிறுவனங்களைச் சான்றாக எடுக்கும்போது இதைக் கவனிக்கச் சொல்லித் தனிக் குறிப்பே இருக்கிறது. அதனால் நேர்மையாக எழுதப்பட்ட ஒரு நல்ல கட்டுரைகூடச் சில சமயம் சந்தேகத்தின் பேரில் அடிபட்டுப் போகிறது. இதில் உங்களுக்கு அநியாயம் நடக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். தீர்வு என்னிடம் இல்லை.

போட்டியாளர் விஷயம் சுலபம். அவர்களுக்குத் தகுந்த சான்று இருக்கலாம், அல்லது இதுவரை யாரும் கவனிக்காமல் இருந்திருக்கலாம். இரண்டாவதென்றால் நீங்கள் சொன்னதும் போய்ப் பார்ப்போம், அதுவும் போய்விடும். இப்படிப் போன பக்கங்கள் நிறையவே உண்டு. அதில் உங்களுக்கு என்ன லாபம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வக்கீல் நோட்டீஸ் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வழக்குப் போடுவேன் என்று தளத்துக்குள் மிரட்டினால், அதைத் திரும்பப் பெறும்வரை உங்கள் கணக்கு தடைபடும். நீதிமன்றம் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது; மிரட்டிக்கொண்டே திருத்த உரிமை இல்லை. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரைக்காக 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. அதற்கு முன் அந்தக் கட்டுரையில் என்ன இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வழக்குக்குப் பிறகு, கட்டுரையில் இருந்த விமர்சன வரிகள் நாட்டின் பல நாளிதழ்களிலும் வந்தன. வழக்கைப் பற்றி எழுதப்பட்ட பக்கத்தை எடுக்கச் சொன்ன உத்தரவையும் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறிய நிறுவனம் தாங்கக்கூடிய விளம்பரம் இல்லை இது.

எதற்காக இத்தனை ஆசை என்பதும் தெரியாமல் இல்லை. 2007-க்கு முன்பு, விக்கிப்பீடியாவில் உங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பு இருந்தாலே தேடலில் மேலே வரலாம் என்ற கணக்கு இருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் வெளி இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் எடுக்காதபடி குறியிட்டார்கள். ஆனால் 2012-இல் கூகுள், தேடல் முடிவின் ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு அதில் விக்கிப்பீடியாவின் முதல் இரண்டு வரிகளைக் காட்டத் தொடங்கியது. முதலீட்டாளர் உங்கள் பெயரைத் தட்டும்போது அந்தப் பெட்டி வர வேண்டும். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இங்கிருந்துதான் கற்கின்றன என்பதால் ஆசை இரட்டிப்பாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே கருவிகளிடம் எழுதி வாங்கி, படித்தும் பாராமல் ஒட்டிவிடுகிறீர்கள். உலகத்தில் இல்லாத நூலைச் சான்றாகக் காட்டும் இந்த வகைப் பக்கங்களை ஏழு நாள் விவாதமெல்லாம் இல்லாமல் உடனே நீக்க 2025-இல் தனி விதியே வந்துவிட்டது.

இந்த ஆசையைச் சுற்றித்தான் தரகர்கள். இந்தக் கதையில் எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2006-இல் அமெரிக்காவில் கிரெகரி கோஸ் என்பவர், நிறுவனங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு விக்கிப்பீடியாக் கட்டுரை எழுதித் தருவதாக வெளிப்படையாகவே கடை திறந்தார். மைவிக்கிபிஸ் என்று பெயர். கட்டுரைக்கு 49 முதல் 99 டாலர். ஜிம்மி வேல்ஸே அவரைத் தடைசெய்தார். 2007 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் ரிக் ஜெல்லிஃப் என்ற கணினித் தரநிலை வல்லுநர், தங்கள் கோப்பு வடிவம் பற்றிய கட்டுரையில் உள்ள பிழைகளைத் திருத்த மைக்ரோசாஃப்ட் காசு தருவதாகச் சொல்கிறது, செய்யலாமென்றிருக்கிறேன் என்று முன்கூட்டியே ஊரறியச் சொன்னார். உலகமே அவரைக் காய்ச்சியது. இரண்டு பேரும் செய்த பெரிய தவறு, வாயைத் திறந்து சொன்னதுதான் என்று மற்றவர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். சொன்னவனுக்கு அடி, சொல்லாதவனுக்கு வியாபாரம். 2013-இல் விக்கி-பிஆர் என்ற நிறுவனம் வேறு வேறு ஆட்கள் போல நடத்திய கைப்பாவைக் கணக்குகள் என்று 250-க்கும் மேற்பட்டவை தடைபட்டபோதுதான் விளைவின் அளவு தெரிந்தது. 2014 ஜூனில் பயன்பாட்டு விதிகளையே மாற்றி, காசு வாங்கி எழுதுகிறவர் யாரிடம் வாங்குகிறார் என்று அறிவித்தாக வேண்டும் என்றார்கள். ஏழெட்டு ஆண்டு தாமதம் என்பேன்.

அடுத்த ஆண்டே ஆரஞ்ச்மூடி வெளிவந்தது. முதலில் பிடிபட்ட கணக்கின் பெயர் அது. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அதில் ஏமாந்தவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். நிராகரிக்கப்பட்ட வரைவுகளும் நீக்கப்பட்ட பக்கங்களின் பெயர்களும் யாரும் பார்க்கக்கூடியபடி வரிசையாகக் கிடக்கின்றன. அந்தக் கும்பல் அந்த வரிசையைத்தான் வாடிக்கையாளர் பட்டியலாக எடுத்துக்கொண்டது. வரைவு தள்ளுபடியான சிறு கடைக்காரர், சிறு நிறுவனர், சிறு கலைஞர் ஒவ்வொருவருக்கும் கடிதம் போகும்: நான் விக்கிப்பீடியாவில் மூத்தவன், காசு கொடுத்தால் உங்கள் பக்கத்தை ஏற்றித் தருகிறேன். சில சமயம் உண்மையிலேயே இருக்கும் தன்னார்வலர் ஒருவரின் பெயரைப் போட்டுக்கொண்டும் எழுதினார்கள். காசு கொடுத்ததும் அதே வரைவைக் கொஞ்சம் தட்டிக்கொட்டி ஏற்றினார்கள். ஒரு கைப்பாவை எழுத, இன்னொன்று சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது. சில வாரம் கழித்து அடுத்த கடிதம்: உங்கள் பக்கம் நீக்கப்படாமல் பாதுகாக்க மாதம் 30 டாலர். தெருவில் மாமூல் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2015 ஆகஸ்ட் இறுதியில் 381 கணக்குகள் தடைசெய்யப்பட்டன, 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. ஏமாந்தவர்கள் காசையும் இழந்தார்கள், பக்கத்தையும் இழந்தார்கள்.

நிருவாகி ஒருவரைத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார் என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். விஃபியோன் என்ற பெயரில் நிருவாகியாகவே இருந்த ஒருவர், ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்துக்குச் சாதகமாகப் பல ஆண்டுகள் எழுதியதாக 2015 பிப்ரவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழு முடிவுக்கு வந்து, பதவியைப் பறித்து வெளியேற்றியது. அவர் இல்லை என்றார். பக்க வரலாறு வேறு மாதிரி சொன்னது.

ஒருவேளை உங்களுக்கு உண்மையிலேயே பக்கம் கிடைத்துவிட்டால்? ஜூசெரோவை நினைத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் பழச்சாறு பிழியும் இயந்திரம் செய்த நிறுவனம். இணையத்தோடு இணைக்கும் இயந்திரம், விலை 400 டாலர், முதலீடு 12 கோடி டாலர் அளவுக்கு. 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் நிருபர்கள் அதன் சாறுப் பையைக் கையால் பிழிந்து காட்டினார்கள். இயந்திரம் இல்லாமலே கிட்டத்தட்ட அதே அளவு சாறு, கிட்டத்தட்ட அதே நேரத்தில் வந்தது. செப்டம்பரில் நிறுவனம் கடையை மூடியது. அதற்கு இன்று விக்கிப்பீடியாவில் பக்கம் இருக்கிறது, சான்றுகளெல்லாம் அப்பழுக்கற்றவை, யாரும் நீக்கச் சொல்ல முடியாது. நான்கு அளவுகோலிலும் தேறும் கட்டுரைகள் ஒரு சின்ன நிறுவனத்தைப் பற்றி எழுதப்படுவது, பெரும்பாலும் அங்கே ஏதாவது கவிழ்ந்த பிறகுதான். உங்களைப் பற்றிப் பக்கம் இல்லை என்றால், யாரும் உங்களை அந்த அளவுக்குத் தோண்டவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமே. நான் நிறுவனம் நடத்தினால் அதைக் கெட்ட செய்தியாக நினைக்க மாட்டேன்.

ஏற்கெனவே பக்கம் இருந்து, அதில் தப்பு இருக்கிறது என்றால் வேலையைச் சொல்கிறேன். ஒரே ஒரு கணக்கு தொடங்குங்கள். கணக்குக்கு நிறுவனத்தின் பெயரை வைக்காதீர்கள், அதற்கே தடை உண்டு. பயனர் பக்கத்தில், இந்த நிறுவனத்தில் நான் இந்தப் பொறுப்பில் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு கட்டுரைக்குப் போகாமல் அதன் உரையாடல் பக்கத்துக்குப் போய், தொடர்புள்ளவர் கேட்கும் திருத்த வேண்டுகோள் என்ற வார்ப்புருவைப் போட்டு, எந்த வரி, அது எப்படி மாற வேண்டும், அதற்குச் சான்று எது என்று மூன்றை மட்டும் எழுதுங்கள். "இரண்டாம் பத்தியில் 2014 என்று இருப்பது 2016 என்று இருக்க வேண்டும், பதிவுத் துறை ஆவணத்தின் இணைப்பு இதோ." இப்படி எழுதினால் இரண்டு நிமிடத்தில் செய்துவிட முடியும். இணைப்பில் புதுக் கட்டுரை வைத்திருக்கிறேன், பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று எழுதினால் யாரும் தொட மாட்டார்கள். சம்பளப் பாக்கி மாதிரிச் சான்றில்லாத அவதூறு ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாகச் சுட்டுங்கள், அன்றைக்கே போகும்.

வரிசை நீளம். எப்போதும் நூற்றுக்கணக்கான வேண்டுகோள்கள் காத்திருக்கின்றன, பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்கும் பகலில் வேறு வேலை இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகலாம். ஆளில்லை என்பது உண்மைதான், ஆனால் வெளிப்படையாக வந்து கேட்டவரை இப்படிக் காக்க வைப்பதுதான் அவரைத் தரகரிடம் தள்ளுகிறது. எங்களுக்குள் இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். உங்கள் வேண்டுகோளுக்கு நீண்ட நாள் பதில் இல்லையென்றால் அதன் கீழேயே இன்னொரு வரி போட்டு நினைவூட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இடையில் யாராவது உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் வரைவு நிராகரிக்கப்பட்டதைப் பார்த்தேன், இவ்வளவு கொடுத்தால் ஏற்றித் தருகிறேன் என்று சொன்னால், பதில் எழுதாதீர்கள், அழித்தும் விடாதீர்கள். காசு வாங்கி ஒளிந்து எழுதுகிறவர்களைப் பற்றிப் புகார் வாங்கவே ஆங்கில விக்கிப்பீடியாவில் தனி மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. வந்ததை அப்படியே, மேலே இருக்கும் தலைப்பு விவரங்களோடு அங்கே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்தை நீக்கச் சொன்னவர்களில் ஒருவன்